மாப்பிள்ளை சொன்ன பசை

ஓசூர்
2-11-1958

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, திம்மராயன் வணங்கி எழுதுவது.

அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. வீட்டில் மற்றபடி குறையொன்றும் இல்லை. நீங்களும் அக்கா முனிலட்சுமியும் கிருஷ்ணகிரியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. உங்களுக்கு வேட்டியும் அக்காவுக்குப் புடவையும் எடுத்து வைத்தாகிவிட்டது. அம்மா தினமும் காலையில் எழுந்ததும், "மாப்பிள்ளைகிட்ட இருந்து காயிதம் வந்துச்சாடா?" என்று கேட்கிறாள். தபால்காரர் பத்து மணிக்குத்தான் வருவார் என்று நானும் தினமும் சொல்கிறேன்.

ஏரியில் நடந்ததை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதாமல் முடியவில்லை. ஒன்பது மாதம் நம் வீட்டுக் கூடத்தில் கட்டிய படகு முப்பது கஜம்கூடப் போகாமல் விரிந்துவிட்டது. நீங்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, அத்தனை பேர் முன்னால், "கட்டிலுக்குக் கால் வைக்கிறவனை நம்பிப் படகு ஏறினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றீர்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றீர்கள், உங்கள் ஓவர்சியரும் ஆபீஸ்காரர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் யார் வாயில் எது வரும் என்று சொல்ல முடியாது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிதாக எடுத்துக்கொண்டவர் எங்கள் பர்னிச்சர் கடை முதலாளி பஷீர் அஹமது பாய். அவரும் அன்றைக்குக் கரையில் இருந்தார். மறுநாளே என்னை மேசை நாற்காலி வேலையிலிருந்து எடுத்து, பின்கட்டில் பழப்பெட்டி அடிக்கப் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "உங்க மாமாவே உன் கை சரியில்லைன்னு ஊரறியச் சொல்லிட்டாரு. அப்புறம் எந்த வீட்டுக்காரன் உன் கையால கட்டில் கேப்பான்?" என்றார். உங்கள் மாமா வந்து என் முன்னால் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லட்டும், மறுபடி உன்னைப் பழைய வேலையில் வைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

தீபாவளிக்கு வரும்போது கடைப் பக்கம் ஒரு நடை வந்து போனால் போதும். வரும்போது, நாம் படகுப் படம் எடுத்த அந்த வெளிநாட்டுப் பத்திரிகையையும் கொண்டு வாருங்கள். பாயின் சிநேகிதர் ஒருவர் ஹைஸ்கூல் வாத்தியார். அவரிடம் காட்டினால் எங்கே தப்பு நடந்தது என்று படித்துச் சொல்வார்.

இப்படிக்கு,
திம்மராயன்


கிருஷ்ணகிரி
7-11-1958

அன்புள்ள திம்மராயனுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்து விவரம் அறிந்தேன். அணை கட்டி முடிந்துவிட்டது, இனி ஆபீஸில் என்ன வேலை என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். கால்வாய் வரைபடங்கள் எல்லாம் இப்போதுதான் வந்து குவிகின்றன. லீவு கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆகவே தீபாவளிக்கு வருவது சிரமம். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லவும். துணிமணிகள் அங்கேயே இருக்கட்டும்.

பாய் விஷயம். முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் நடுவில் நான் நுழைவது அழகாக இருக்காது. மேலும் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்? படத்தில் உள்ள அளவை அரைக்கால் அங்குலம் பிசகாமல் எடுத்து, உங்கள் கூடத்துத் தரையில் முழு அளவில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து கொடுத்தவன் நான். வரைந்ததில் தவறில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் வரைந்ததில் தவறில்லை.

அந்தப் பத்திரிகையைக் கேட்டிருக்கிறாய். அது செல்லரித்துப் போய்விட்டது. குப்பையில் போட்டுவிட்டோம்.

உன் அக்கா சௌக்கியம்.

இப்படிக்கு,
சென்னகிருஷ்ணன்


ஓசூர்
19-11-1958

மாமா அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி வந்தது, போனது. அம்மா உங்கள் வேட்டிக்கும் அக்கா புடவைக்கும் மஞ்சள் வைத்துப் பெட்டியில் போட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கேட்டால் பல்வலி என்றாள். அவளுக்கு மேலே இரண்டு, கீழே மூன்று, ஆக ஐந்து பல்தான் இருக்கிறது. எந்தப் பல் என்று நான் கேட்கவில்லை.

பெட்டி அடிக்கும்போது கைக்குத்தான் வேலை, தலைக்கு வேலை இல்லை. அதனால் முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் பெங்களூர் பழைய புத்தகக் கடையில் அந்தப் பத்திரிகையை வாங்கி வந்து, இரு முனையும் கூரான இந்தப் படகுக்குக் கயாக் என்று பேர் சொன்னீர்கள். மேல்புறமும் மூடியிருக்கும், நடுவில் ஒருவர் உட்காரக் குழி, இரண்டு பக்கமும் தகடு வைத்த ஒரே துடுப்பு என்று காட்டினீர்கள். முதலில் நம் ஊர் ஏரியில், அப்புறம் அணையில் தண்ணீர் நிறைந்ததும் அதில் ஓட்டிக் காட்டுவேன், பார்த்த இஞ்சினீயர் என்னை டிராஃப்ட்ஸ்மேன் ஆக்காமல் விடமாட்டார் என்றீர்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. கட்டில், நாற்காலி, அலமாரி எல்லாம் போட்ட இடத்தில் கிடக்கிற சாமான். நான் செய்த ஒன்று நகர்ந்து போவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அணைக்கு இயந்திரம் வந்த பெட்டிப் பலகையை ஏலத்தில் எடுத்தோம். அதை விரல் அகல ரீப்பராக அறுத்தேன். ஒவ்வொன்றையும் இழைத்து, நீங்கள் வரைந்த ஒன்பது குறுக்குச் சட்டத்தின் மேல் வளைத்து, ஒன்றோடொன்று பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே வந்தேன். நூற்றுப் பன்னிரண்டு ரீப்பர். ஒன்றுகூட ஒடியவில்லை. கடைசி ரீப்பர் பொருந்தின அன்றைக்கு அதன் மேல் நீங்கள் கையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு உங்கள் ஆபீஸ் ஜீப் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. அதுவரை படகு தண்ணீரிலேயே கிடந்தது. அது ஒன்றுதான் எனக்குப் புத்தியில் படுகிறது. ஆனால் படகு தண்ணீரில் கிடந்ததால் கெட்டது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கடைத்தெருவில் எனக்கு இப்போது பேர் வைத்திருக்கிறார்கள். அவரைக்காய் தச்சன். அவரைக்காய் மாதிரி இருந்தது, அவரைக்காய் மாதிரியே உரிந்தது என்பதால். இப்போது காய் சீசன் வேறு. கூடைக்காரிகூட என்னைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

நான் உங்களைக் கோர்ட்டுக்கா கூப்பிடுகிறேன்? "அவன் கையில் தப்பில்லை." இது ஒன்றுதான் மாமா நீங்கள் பாயிடம் சொல்ல வேண்டியது.

திம்மராயன்


கிருஷ்ணகிரி
1-12-1958

அன்புள்ள திம்மராயனுக்கு,

உன் நிலைமையை உன் அக்கா மூலமும் கேள்விப்பட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், எடுக்கிறாள். அதுவரை சரி.

நேரில் வருவதற்கு இப்போதும் வழியில்லை. ஆகவே இத்துடன் தனித்தாளில் ஒரு சான்று எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டு வைத்திருக்கிறேன். "மேற்படி திம்மராயன் என்பவர் தொழிலில் அனுபவம் உள்ளவர் என்றும், மேற்படி படகு சிதைந்ததற்கு இயற்கையான பல காரணங்கள் இருக்கக்கூடும் என்றும் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று கண்டிருக்கிறது. இதை நீ பாயிடம் காட்டலாம். வெயில், ஈரம், காற்று இவற்றால் மரம் விரிவது உலகத்தில் நடக்காததல்ல.

இதற்கு மேல் என்னை வற்புறுத்த வேண்டாம். ஆபீஸிலும் எனக்கு மரியாதை போய்விட்டது. என்னைக் கண்டால் ஓவர்சியர் துடுப்புப் போடுவது போல் கையை ஆட்டுகிறார். டிராஃப்ட்ஸ்மேன் இடத்துக்கு வேறு ஒருவர் வந்தாகிவிட்டது.

சென்னகிருஷ்ணன்


ஓசூர்
11-12-1958

மாமா அவர்களுக்கு,

சான்று வந்தது. பாயிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "எழுத்து முத்து முத்தா இருக்குது தம்பி. ஆனா உன் கை நல்ல கைன்னு இதுல எங்கே இருக்குது?" என்று கேட்டார். நானும் தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

இனிமேல் உங்களைக் கூப்பிட மாட்டேன். வேறு ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கடைக்கு வாரத்தில் ஒரு பழைய நாற்காலியாவது பழுதுக்கு வரும். அதன் காலைக் கழற்ற நாங்கள் சுத்தியால் அடிப்பதில்லை. துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து, கால் சேருகிற மூட்டின் மேல் சுற்றிக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வருவதற்குள் உள்ளே இருக்கிற வஜ்ஜிரம் இளகிவிடும். கால் கையோடு வந்துவிடும். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. காய்ந்தால் இரும்பு, நனைந்தால் கஞ்சி. பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறவன் நான்.

அப்படிப்பட்டவன்தான் ஒரு படகு முழுக்க வஜ்ஜிரத்தைப் போட்டு ஒட்டினேன்.

எனக்குத் தெரியும் மாமா. முதல் ரீப்பர் ஒட்டும்போதே தெரியும். அதனால்தான் உங்களைக் கேட்டேன், "மாமா, தண்ணியில போறதுக்கு வஜ்ஜிரம் தாங்குமா? பொஸ்தகத்துல என்ன பசை போட்டிருக்குது?" என்று. நீங்கள் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்து, "இதேதான் போட்டிருக்கு. ஒட்டு" என்றீர்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் கேட்டேன். "வெள்ளைக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சா?" என்றீர்கள். அம்மா உள்ளேயிருந்து வந்து என் தோளைப் பிடித்து, "மாப்பிள்ளைகிட்ட எதுத்துப் பேசுவியாடா?" என்றாள். அக்காவும் நின்றுகொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். நீங்கள் குழம்பில் உப்பு அதிகம் என்றால் அம்மா ருசிகூடப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவாள். மாப்பிள்ளை படித்தவர், சர்க்கார் ஆபீஸில் இருப்பவர். மேலுக்கு வார்னிஷ் இரண்டு கோட்டு அடிக்கிறோமே, வெளிநாட்டு வார்னிஷ் தாங்கும் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒன்பது மாதமும் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் நடுத்தண்ணீரில் முழுகிப் போயிருந்தால் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அதை நினைத்தால் பழப்பெட்டி அடிக்கிறது எனக்குப் பொருத்தமான வேலை என்றுதான் படுகிறது.

எனக்காக ஒன்று மட்டும் எழுதுங்கள். யாரிடமும் காட்ட மாட்டேன். அந்தப் பத்திரிகையில் என்னதான் போட்டிருந்தது?

திம்மராயன்


கிருஷ்ணகிரி
29-12-1958

திம்மராயா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

பத்திரிகையைச் செல்லரிக்கவில்லை. என் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. அதில் என்ன போட்டிருந்தது என்று நீ கேட்டபோது எனக்குத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

எழுதிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்று வந்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று உங்கள் வீட்டில் சொல்லித்தான் பெண் கேட்டோம். நான் இங்கிலீஷில் பெயில். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் பெயில். ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேனும் அல்ல, டிரேசர். இஞ்சினீயர் வரைந்த படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோட்டை அப்படியே மேலே எடுப்பவன். கோட்டை எடுக்கிற மாதிரியே எழுத்தையும் எடுப்பேன். எங்கள் செக்ஷனில் என்னைப் போல அழகாக இங்கிலீஷ் எழுதுகிறவன் கிடையாது. எழுதியது என்ன என்று எனக்குத் தெரியாது. எண்கள் தெரியும், அளவுகள் தெரியும், நாலைந்து வார்த்தை எழுத்துக்கூட்டத் தெரியும். இதை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

நீ பசையைப் பற்றிக் கேட்டாய். நான் பத்திரிகையைப் புரட்டினேன். எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. "தெரியவில்லை, யாரையாவது கேட்டு வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் வெட்கத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உன் அம்மா முறத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு பெருமை அந்த முகத்தில். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நம்பியிருந்தாள். அதைக் கெடுக்க என்னால் ஆகவில்லை. உன் கையில் வஜ்ஜிரக் கிண்ணம் இருந்தது. அதையே போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் தடவை நீ கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். அதனால்தான் அந்தப் பேச்சு.

படகு விரிந்து மூன்றாம் நாள், இங்கே என்னை அறியாத ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் பத்திரிகையைக் கொடுத்து, பசை பற்றி எங்கே வருகிறது என்று படித்துச் சொல்லக் கேட்டேன். அவர் தேடவே இல்லை. தனிக் கட்டம் போட்டு, தடித்த எழுத்தில் இருந்தது. தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய பசையைத் தொடவே தொடாதே, தண்ணீர் பட்டால் படகு உன்னைக் கைவிடும் என்று போட்டிருக்கிறதாம். "நல்லா கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். திம்மராயா, எனக்குக் கண்ணாடியே கிடையாது.

ஆக, உனக்கு முதல் கடிதம் எழுதும்போது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் வரைந்ததில் தவறில்லை என்று எழுதினேன். தெரிந்துகொண்டுதான் அந்தச் சான்று எழுதினேன். ஏரிக்கரையில் உன்னைச் சொன்னதைக்கூட ஏதோ ஒரு வேகம் என்று தள்ளலாம். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் நிதானமாக, மை தொட்டு எழுதியது.

நேற்று முனிலட்சுமியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப பெரியப்பா செத்த தந்தியை எப்படிப் படிச்சீங்க?" நான் அன்றைக்குத் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இதோ வருகிறேன் என்று வெளியே போய், போஸ்ட் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து படித்தேன். அதைச் சொன்னேன். அப்புறம், "எங்க தம்பியைப் பாத்து எப்படி அந்த வார்த்தை சொன்னீங்க?" என்று அழுதாள். படிப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி பதினொன்று, ஓசூர் வருகிறேன். நேராக பாய் கடைக்குத்தான் வருவேன். முனிலட்சுமி வரமாட்டாளாம். "நீங்க தனியா போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் கூட நின்னா உங்களுக்கு வாய் வராது" என்கிறாள்.

சென்னகிருஷ்ணன்


கிருஷ்ணகிரி
20-1-1959

திம்மராயா,

அன்றைக்கு உன் அம்மா போட்ட இலையில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன். அத்தை மனம் நொந்திருப்பாள். கடையில் எட்டுப் பேர் முன்னால் பேசிவிட்டு வந்தவனுக்குச் சோறு இறங்காது என்று சொல்லிவிடு. சூளகிரி வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன் அல்லவா? ஒன்றையும் விடவில்லையே? இங்கிலீஷ் தெரியாததையும் சொன்னேன், வஜ்ஜிரம் போடச் சொன்னதையும் சொன்னேன், நீ இரண்டு தடவை கேட்டதையும் சொன்னேன். பாய் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நீயும் பின்கட்டு வாசலில் சுத்தியோடு நின்றாய். ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பாய் உன்னைப் பழைய வேலையில் வைத்துவிட்டாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

பார்சலில் ஒரு டின் அனுப்பியிருக்கிறேன். பெங்களூரில் விசாரித்து வாங்கியது. தண்ணீருக்கு நிற்கும் பசை. அந்த வக்கீல் குமாஸ்தாவிடம் போய், எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லி, பத்திரிகைக் கட்டுரையை ஒரு வரி விடாமல் தமிழில் எழுதி வாங்கினேன். அதுவும் உள்ளே இருக்கிறது. கூடவே ஒரு புதுப் படம். இது டிரேஸ் எடுத்ததல்ல. என் உடம்பு எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி அளவுகளை மாற்றி, ஒன்பது சட்டத்தையும் நானே வரைந்திருக்கிறேன். ஒரு வாரம் வரைந்தேன்.

இன்னொரு தடவை கட்டு திம்மராயா. அதே ஏரியில், அதே ஜனங்கள் முன்னால் ஓட்டிக் காட்டுவோம். அப்போதுதான் உன் பேரும் என் பேரும் திரும்பும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உன் அக்கா இப்போது பேசுகிறாள்.

சென்னகிருஷ்ணன்


ஓசூர்
3-2-1959

மாமா அவர்களுக்குத் திம்மராயன் வணக்கம்.

பார்சல் சேதமில்லாமல் வந்தது. டின்னை மூடி திறக்காமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னீர்கள். நான் நிமிராமல் நின்றது கோபத்தால் அல்ல. எனக்காக எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் கடையில் நின்று, வந்து போகிறவர்கள் முன்னால் தன்னைத்தானே உரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதை எப்படி நிமிர்ந்து பார்ப்பது? நீங்கள் பேசி முடித்தபோது கண்ணைத் துடைத்தீர்களே, அப்போது தரையில் கிடந்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாய் என்னைப் பழைய வேலையில் வைக்கவில்லை. இன்னும் பெட்டிதான் அடிக்கிறேன்.

நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "உங்க மாமா பெரிய மனுஷன். நான் அவரு எடத்துல இருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கேட்டார், "நீ ரெண்டு தடவை கேட்டேன்னு சொன்னாரே. அப்ப வஜ்ஜிரம் நிக்காதுன்னு உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "தெரிஞ்சுதான் ஒட்டினியா?" ஆமாம் என்றேன். "ஏன்?" என்றார். மாப்பிள்ளை சொன்னாரு பாய், எப்படி எதிர்த்துப் பேசுறது என்றேன்.

பாய் ஒரு சுருட்டு முடிகிற வரை உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார், "இத்தனை நாள் உன் கை தப்புன்னு நெனச்சேன். கை தப்புன்னா ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம். தெரிஞ்சும் வாயைத் தொறக்காதவனை நான் என்ன பண்றது? நாளைக்கு ஒரு பெரிய ஆபீசர் வந்து மூணு காலுல கட்டில் கேட்டா போட்டுக் குடுத்துருவே. அதுல ஒரு பிள்ளைத்தாச்சி படுப்பா."

பின்கட்டுக்குப் போய் மறுபடி சுத்தியை எடுத்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் தள்ள முடியவில்லை. ஊரில் இப்போது யாரும் என்னை அவரைக்காய் தச்சன் என்று சொல்வதில்லை. உங்கள் பேச்சைக் கேட்டவர்கள் என்னைப் பாவம் என்கிறார்கள். பாவம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது சுடுகிறது.

இப்போது உங்கள் படம். வந்த அன்றே பிரித்துப் பார்த்தேன். பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். ஒரு வாரம் வரைந்திருக்கிறீர்கள், முதல் தடவையாகச் சொந்தமாக வரைந்திருக்கிறீர்கள். நல்லா இருக்குது மாமா என்று ஒரு கார்டு போட்டுவிட்டு ரீப்பர் அறுக்க ஆரம்பித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கார்டுகூட வாங்கி வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தேன். கை போகவில்லை.

பிறகு உங்கள் அளவுகளைச் சிறிதாக்கி ஒன்பது அட்டை வெட்டி, ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி, மூங்கில் சிம்பை அதன் மேல் வளைத்துப் பார்த்தேன். மூன்று அட்டை வரை ஒட்டிக்கொண்டு போகிறது. நாலாவதில் ஒட்டவில்லை. இடது பக்கம், வலது பக்கம், இரண்டிலும் பார்த்தேன். நாலாவது சட்டம் உள்வாங்கியிருக்கிறது மாமா. நிஜ அளவில் அரை அங்குலம் பள்ளம் நிற்கும். இழுத்துப் பிடித்து ஆணி அடித்தால் ரீப்பர் வந்துவிடும், நான் அடித்தால் வரும். ஆனால் எந்நேரமும் அது திமிறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வாங்கின பசை எவ்வளவு நல்ல பசையாக இருந்தாலும் சரி.

படம் தப்பு. இந்தப் படத்துக்கு நான் மரம் அறுக்க மாட்டேன். நாலாவது சட்டத்தை மறுபடி வரைந்து அனுப்புங்கள். அதுவும் தப்பாக இருந்தால் அதையும் திருப்பி அனுப்புவேன்.

இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு முகமே மாறிவிட்டது. "மாப்பிள்ளைக்கு இப்படியாடா எழுதுவாங்க? அந்த மாட்டேன்ங்கறதையாவது அடிச்சுட்டு அனுப்புடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அடிக்கவில்லை. உறையை இப்படியே ஒட்டுகிறேன்.

திம்மராயன்